மூன்றாவது ஓட்டை

அத்தியாயம் 6

செத்துப்போனவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரென்றால் அவருடைய போட்டோ. பின்னறை ஆணியில் தொங்கிய அந்தப் படத்தை யாரோ முகம் உள்பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தார்கள். வெறும் அட்டையும் துருப்பிடித்த கொக்கியும்தான் தெரிந்தன. அதைப் பார்த்ததுமே மாப்பிள்ளை வாசலருகிலேயே நின்றுவிட்டார். வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி அதிகமாகவில்லை. ஆனாலும் விளக்கைப் போட்டால்தான் எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று தெரிந்தது.

"படத்தைத் திருப்பினது யாரு?" என்று கேட்டார் அத்தை.

"நான்தாங்க." தையல்காரம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "அவர் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கு. கட்டின புருஷனைப் பார்த்தே பயப்படறேன்னு வெளியில சொல்லவும் முடியல."

அத்தை என்றால் மாப்பிள்ளையின் மாமியார். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் ஆய்வாளராக இருந்து, எரிந்த வீடுகளுக்குள் புகுந்து கரியையும் பொய்யையும் பிரித்துப் பார்த்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற கையோடு சொந்தமாகத் துப்பறியும் நிலையம் ஆரம்பித்துவிட்டார். கொண்டையில் ஊசி செருகுகிற இடத்தில் டெஸ்டரைச் செருகிக்கொள்வார். மாப்பிள்ளை அவருடைய உதவியாளர். பார்த்த வேலை போனதும், "வீட்ல சும்மா இருக்காதீங்க, என்கூட வாங்க" என்று மாமியார் அன்பாக அழைத்தார். பைல் அடுக்குகிற வேலையாக்கும் என்று நம்பி வந்தவரைப் பேய் வீட்டில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

"நடந்ததை முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் அத்தை.

"லைட்டெல்லாம் எரியுதுங்க. ஃபேன் சுத்துது. பிளக் பாயிண்ட் மட்டும் ஒண்ணொண்ணா சாகுது. முதல்ல முன் ஹால். அப்புறம் சமையலறை. அதுக்கப்புறம் படுக்கையறை. இன்னைக்குக் காலையில தையல் அறையும் போச்சு. எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டரை விட்டுப் பார்த்தார். பளிச்சுன்னு எரிஞ்சுது. 'கரண்ட் ஜோரா வருதும்மா, உங்க மெஷின்தான் ரிப்பேர்'னு சொல்லிட்டுப் போயிட்டார். அதே மெஷினை மாடிக்குக் கொண்டுபோனா ஓடுது. கீழே கொண்டுவந்தா செத்துப்போகுது."

"கரண்ட் வந்து உட்கார்ந்திருக்கும், ஆனா வேலை செய்யாது. எங்க பழைய மேனேஜர் மாதிரி," என்றார் மாப்பிள்ளை. யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே சிரிப்பு வரவில்லை.

"கீழ் வீட்ல உயிரோட இருக்கிறது இந்தப் பின்னறை பாயிண்ட் ஒண்ணுதான். அவர் படுத்த படுக்கையா கிடந்தது இங்கேதான். மூச்சு அடங்கினதும் இங்கேதான். மாடியில இருக்கிற என் ஓரகத்தி சொல்றா, 'அக்கா, மாமா உங்களைத் தன்கிட்ட கூப்பிடறாரு'ன்னு."

மாப்பிள்ளைக்குத் தனியாக நிற்கப் பிடிக்கவில்லை. துணைக்கு யார் பக்கத்திலாவது நிற்கலாமே என்று ஓர் அடி முன்னால் வைத்தார்.

"செருப்பு!" என்று அலறினாள் தையல்காரம்மா.

மாப்பிள்ளை துள்ளிக் குதித்து வாசற்படிக்கே போய் விழுந்தார். அப்போதுதான் கவனித்தார், அறை முழுக்கத் தரையில் வெள்ளை விரிப்பு விரித்திருந்தது. மேசையில் நர்ஸ்களுக்கான வெள்ளை உடுப்புகள் குவிந்து கிடந்தன. பக்கத்தில் அயர்ன் பெட்டி, தண்ணீர்க் கிண்ணம்.

"மன்னிச்சிக்கோங்க. தையல் அறையில செருப்பில்லாம நடக்க முடியாது, தரையெல்லாம் குண்டூசி. இந்த அறையில செருப்போட நடக்கக் கூடாது. ஒரு பொட்டு மண்ணு ஒட்டினாலும் ஆஸ்பத்திரியில திருப்பி அனுப்பிடுவாங்க. என் ஓரகத்தி என்னைவிடக் கறார். இங்கே உட்கார்ந்து மடிக்கிறது அவதான். கம்பெனியில வேலை பார்த்தவ, மடிப்புல ஒரு நூல் பிசகாது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எல்லாம் தைச்சாச்சு. அயர்ன்தான் பாக்கி. நாளைக் காலையில குடுத்தாகணும். பயந்தா பொழப்பு நடக்குமா? அதான் இங்கேயே ஆரம்பிக்கலாம்னு..."

அவள் அயர்ன் பெட்டியின் பிளக்கைக் கையில் எடுத்தாள்.

"அதைச் சொருகாதீங்க," என்றார் அத்தை.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் மாப்பிள்ளை கூடுதலாக அரண்டுபோனார். அத்தை சத்தம் போட்டால் கோபம். மெதுவாகப் பேசினால் ஆபத்து.

"ஏங்க?"

"தெரியல. தெரியற வரைக்கும் சொருகாதீங்க."

* * *

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வரும் பொறுப்பு மாப்பிள்ளைக்கு வந்தது. இருட்டு நடையில் தடவிக்கொண்டே போய் அணைத்தார். திரும்பி வரும்போது, தன் காலடிச் சத்தத்துக்கே இரண்டு தடவை நின்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவருக்கு வெளிச்சமாக இருந்தாலும் பேய்தான்.

தையல் அறையில், செத்துப்போன பாயிண்ட்டின் மூடியை அத்தை கழற்றிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை டார்ச் பிடித்தார். வெளிச்சம் சுவரெல்லாம் ஆடியது.

"கையை ஆட்டாதீங்க, மாப்பிள்ளை."

"கை தானா ஆடுது, அத்தை. நான் பொறுப்பில்ல."

"மூடியைப் பாருங்க. என்ன தெரியுது?"

"ரெண்டு ஸ்க்ரூ."

"ஸ்க்ரூ தலையில இருக்கிற கோடு?"

பார்த்தார். இரண்டு கோடும் மேலும் கீழுமாக நெட்டுக்குத்தலாக நின்றன.

"அட, பரேடுல நிற்கிற மாதிரி நிக்குதே!"

"ஹால்லயும் இப்படித்தான். சமையலறையிலயும் இப்படித்தான். ஆனா எலக்ட்ரீஷியன் போட்ட சுவிட்ச் போர்டைப் பாருங்க, ஒரு கோடு கிழக்கே, ஒரு கோடு மேற்கே. இறுகினா போதும்னு விட்டுட்டுப் போறது அவர் கை. இது வேற யாரோ கை."

மூடி கழன்று வந்தது. உள்ளே ஒரு வயர், இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பிடுங்கி, அழகாக மடித்து, மடிப்பின் மேல் டேப் சுற்றி உள்ளே தள்ளியிருந்தார்கள்.

"கரண்ட்டுக்குப் போக ஒரு வழி, திரும்பி வர ஒரு வழி வேணும்," என்றார் அத்தை. "போற வழியை விட்டுட்டாங்க. அதனால டெஸ்டர் எரியுது. திரும்பற வழியைப் பிடுங்கிட்டாங்க. அதனால எதுவும் ஓடாது. எலக்ட்ரீஷியன் டெஸ்டரை நம்பி ஏமாந்துட்டார்."

தையல்காரம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். "அப்போ... இது அவர் வேலை இல்லையா?"

"செத்தவங்க டேப் வாங்கக் கடைக்குப் போறதில்ல, அம்மா."

மாப்பிள்ளைக்குப் போன உயிர் பாதி திரும்பியது. மீதி திரும்புவதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. உயரமான நிழல். அதன் கையில் ஏதோ பளபளத்தது.

மாப்பிள்ளை யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எதிர்ப்பக்கம் ஓடியிருப்பார். கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்து அந்த உருவத்தைக் கட்டிப்பிடித்தார். இரண்டு பேரும் துணிமூட்டை மேல் சாய்ந்தார்கள்.

"யோவ்! யாருய்யா நீ? விடுய்யா!"

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், தையல்காரம்மாவின் கொழுந்தன். மாடியில் குடியிருக்கிற ஓரகத்தியின் புருஷன். கையில் இருந்தது ஸ்க்ரூ டிரைவர்.

"அண்ணி, மறுபடியும் யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" சட்டையை உதறிக்கொண்டு எழுந்தார். "இந்தப் பாழாப்போன வீட்டை வித்துத் தொலைங்கன்னு எத்தனை தடவை சொல்றது? வீடு உங்க பேர்ல இருக்குங்கிறதுக்காகப் பேயோட குடும்பம் நடத்தணுமா?"

"ஸ்க்ரூ டிரைவர் எதுக்கு, தம்பி?" என்று கேட்டார் அத்தை.

"ஹால் பாயிண்ட்டைப் பார்க்கலாம்னு வந்தேன். அதுவும் தப்பா?" மூட்டையை எட்டி உதைத்துவிட்டுப் படியேறிப் போனார்.

"கேஸ் முடிஞ்சுது, அத்தை," மாப்பிள்ளை கிசுகிசுத்தார். "வீட்டு மேல கண்ணு, கையில ஸ்க்ரூ டிரைவர், வாயில திட்டு. இதுக்கு மேல என்ன வேணும்? நெத்தியில எழுதி ஒட்டணுமா?"

அத்தை தையல்காரம்மா காலில் இருந்த ரப்பர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

* * *

மெயினைத் திரும்பப் போட்டாயிற்று. பின்னறையில் அத்தை கொண்டையிலிருந்து டெஸ்டரை உருவினார். முதல் ஓட்டையில் வைத்தார், எரிந்தது. இரண்டாவதில் வைத்தார், எரியவில்லை.

"இது சரியாத்தானே இருக்கு?" என்றார் மாப்பிள்ளை.

மேலே இருந்த பெரிய ஓட்டையில் டெஸ்டரை வைத்தார் அத்தை.

டெஸ்டர் எரிந்தது.

மாப்பிள்ளைக்கு அதன் அர்த்தம் புரியவில்லை. ஆனால் அத்தையின் கை டெஸ்டரை எடுத்துத் துடைத்து மறுபடியும் அங்கேயே வைத்ததைப் பார்த்தார். எரிந்துபோன வீடுகளில் எதை எதையோ பார்த்த கை அது. அது எதையும் இரண்டு தடவை சோதித்து மாப்பிள்ளை பார்த்ததே இல்லை.

"மூணாவது ஓட்டை உயிரைக் காப்பாத்தறதுக்காக வெச்சது. இதுல டெஸ்டர் எரியவே கூடாது," என்றார் அத்தை மெதுவாக. "அயர்ன் பெட்டியை இங்கே சொருகினா, அதோட இரும்பு முழுக்கக் கரண்ட் பாயும். துணிக்குத் தண்ணி தெளிச்ச ஈரக் கை அதுல பட்டா போதும்."

தையல்காரம்மா வலது கையை இடது கைக்குள் மறைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் முன்னால் பிளக்கைப் பிடித்த கை.

"பாயிண்ட்டெல்லாம் தானா சாகல. உங்களை ஆட்டை ஓட்டிக்கிட்டு வர்ற மாதிரி ஓட்டிக்கிட்டு வந்திருக்காங்க. ஹால்லேர்ந்து, சமையலறையிலேர்ந்து, கடைசியில இந்தப் பட்டிக்கு. ஏன் இந்த அறை? தையல் அறையிலயே வெச்சிருக்கலாமே?"

"செருப்பு!" என்றார் மாப்பிள்ளை, தன்னை அறியாமல்.

"பரவாயில்லையே. ஊசிக்குப் பயந்து போடற ரப்பர் செருப்பு அங்கே உங்க உயிரையும் காப்பாத்தியிருக்கும், அம்மா. நீங்க வெறுங்காலோட நிற்கிற ஒரே இடம் இது. இது தெரிஞ்சவங்க வெளியாள் இல்ல."

மாப்பிள்ளைக்குக் காதுக்குள் மழைச் சத்தம்கூட நின்றுவிட்டது போலிருந்தது. பேயாக இருந்தால் தேவலை என்று நினைத்தார். பேய் ஸ்க்ரூவைத் திருகாது. நலம் விசாரிக்காது. அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கி வராது.

"மாப்பிள்ளை, மாடிக்குப் போய் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க."

"தனியாவா?"

"மேளதாளத்தோட கூட்டிட்டுப் போறதெல்லாம் உங்க கல்யாணத்தோட முடிஞ்சுது. தனியாத்தான்."

* * *

கொழுந்தன் முணுமுணுத்துக்கொண்டேதான் மழையில் நனைந்த வெளிப்படியில் இறங்கி வந்தார். ஆனாலும் பழக்கதோஷம், பின்னறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். அவர் பின்னாலேயே ஓரகத்தி வந்தாள். மெலிந்த உருவம், அமைதியான முகம். வந்ததும் வராததுமாகத் தையல்காரம்மாவின் தோளைத் தடவி, "அழாதீங்க அக்கா, நான் இருக்கேன்ல?" என்றாள். அவள் மிதித்த இடமெல்லாம் வெள்ளை விரிப்பில் ஈரத் தடம் பதிந்தது.

மாப்பிள்ளையின் கண் கொழுந்தன் மேலேயே இருந்தது. ஓடினால் பிடிக்க வேண்டும். பிடிக்க முடியாவிட்டால் கத்தவாவது வேண்டும்.

அத்தை சிரித்த முகமாக நின்றார். "எல்லாம் பார்த்தாச்சு. பெரிசா ஒண்ணுமில்ல. வயர் பழசு, அதான் பாயிண்ட் போயிருக்கு. இந்த அறையில கரண்ட் அருமையா இருக்கு. ஒரு உடுப்பை அயர்ன் பண்ணிக் காட்டுங்க அம்மா, நாங்க கிளம்பறோம்."

மாப்பிள்ளை அயர்ன் பெட்டியைப் பார்த்தார். அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிளக் சொருகியிருந்தது, அதே பாயிண்ட்டில்.

அத்தைக்குப் புத்தி பிசகிவிட்டதா? மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அத்தையின் குதிகால் அவர் பெருவிரலின் மேல் இறங்கியது.

தையல்காரம்மா கிண்ணத்தில் கை விட்டுத் துணிமேல் தண்ணீர் தெளித்தாள். ஈரம் சொட்டும் கை அயர்ன் பெட்டியை நோக்கிப் போனது. கை நடுங்கியது. ஓரகத்தி ஜன்னல் வழியாக மழையை வேடிக்கை பார்த்தாள்.

இன்னும் ஒரு சாண்தான் இருந்தது.

"இருங்க," என்றார் அத்தை. "பாவம், உங்களுக்குக் கை நடுங்குது. தம்பி, அந்தப் பெட்டியை எடுத்து உங்க அண்ணி கையில குடுங்க."

"இதுக்குக்கூட நானா?" கொழுந்தன் சலிப்போடு, பிடியைக்கூடப் பார்க்காமல், கையை நீட்டினார்.

"தொடாதீங்க! ஐயோ, அதைத் தொடாதீங்க!"

கத்தியது மாப்பிள்ளை இல்லை. அவரும் கத்தத்தான் நினைத்தார், குரல் வரவில்லை. கத்தியது ஓரகத்தி.

நீட்டிய கை நிற்கவில்லை. விரல்கள் இரும்பில் பட்டன. கொழுந்தன் துள்ளினார். மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"சுடுதே!" என்றார் கொழுந்தன், விரலை வாயில் வைத்துக்கொண்டு.

அவ்வளவுதான். சுட்டது. வேறொன்றும் நடக்கவில்லை. அத்தை பிளக்கைப் பிடுங்கினார். இடுப்பில் செருகியிருந்த சின்ன வயர்த் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். "மூணாவது ஓட்டைக்குப் போற வயரை நான் முன்னாடியே பிளக்குக்குள்ளேயே வெட்டிட்டேன். அம்மா காதுலயும் சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்லல, மாப்பிள்ளை. உங்க முகம் ஊருக்கே போஸ்டர் ஒட்டிடும்."

மாப்பிள்ளை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அத்தை ஓரகத்தியின் பக்கம் திரும்பினார். "அக்கா கை போனப்போ மழையை வேடிக்கை பார்த்தே. புருஷன் கை போனதும் உயிர் துடிச்சுது. அது இருக்கட்டும், மண்ணு படக் கூடாதுன்னு மத்தவங்களை விரட்டறவ, இன்னைக்கு நீ மட்டும் ஏன்மா ரப்பர் செருப்போட வந்தே?"

எல்லோரும் அவள் காலைப் பார்த்தார்கள். பிறகு விரிப்பில் பதிந்திருந்த தடத்தை.

"நீ வேலை பார்த்தது என்ன கம்பெனி?"

அவள் புருஷன்தான் சொன்னார், தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி. "சுவிட்ச் கம்பெனி. பிளக் பாயிண்ட் பூட்டற இடத்துல இருந்தா. ஸ்க்ரூ கோடு நேரா நிற்கலேன்னா சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிடுவார்னு சொல்லுவா..." நின்றார். "இன்னைக்கு ஸ்க்ரூ டிரைவரைக் கையில குடுத்து அனுப்பினதும் இவதான். ஹால் பாயிண்ட்டை மட்டும் பாருங்க, பின்னறைப் பக்கம் போகாதீங்கன்னு... அண்ணி, நான் வாயால கத்தினதோட சரி. இது எனக்குத் தெரியாது அண்ணி."

தையல்காரம்மா ஓரகத்தியின் எதிரில் போய் நின்றாள். "ஏன்டி?"

"ஏன்னா கேட்கறே?" மரியாதை சட்டென்று கழன்று விழுந்தது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் மாப்பிள்ளைக்கு அன்றைக்கு உண்மையிலேயே குலை நடுங்கியது. "வீடு உன் பேர்ல. தொழில் உன் பேர்ல. தெருவுல கேட்டா தையல்காரம்மா வீடுங்கிறான். உட்கார்ந்து உட்கார்ந்து மடிச்சவளுக்கு ஒரு பேர் உண்டா? கீழ் வீட்டுக்கு நான் வர்றதுக்கு நீ போனாத்தானே வழி?"

கூடவே இருந்து குழி பறிப்பது என்று சொல்வார்கள். இவள் கூடவே உட்கார்ந்து, துணி மடித்துக்கொண்டே பறித்திருந்தாள்.

மாப்பிள்ளை போலீசுக்குப் போன் செய்தார். முதல் தடவை தவறான நம்பர் விழுந்தது. இரண்டாம் தடவை கிடைத்தது. கொழுந்தன் தன் மனைவியின் அருகில் போகவும் இல்லை, விலகவும் இல்லை. சுட்ட விரலைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மழை விடவே இல்லை.

தையல்காரம்மா சுவரோரம் போனாள். ஆணியிலிருந்து படத்தை எடுத்துத் திருப்பினாள். சாதாரண முகம்தான். கொஞ்சம் தூக்கக் கலக்கம், கொஞ்சம் சிரிப்பு. இந்த முகத்துக்கா இத்தனை நாள் பயந்து செத்தோம் என்று மாப்பிள்ளைக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"உயிரோட இருந்தவளை நம்பினேன். உங்களைப் பார்த்துப் பயந்துட்டேன்," என்றாள் படத்திடம். பிறகு இன்னும் மெதுவாக, "நீங்க என்னைக் கூப்பிடவே இல்லல்ல?" என்றாள்.

மாப்பிள்ளை எழுந்து போய் ஆணி ஆடாமல் பிடித்துக்கொண்டார். அவள் படத்தை நேராக மாட்டினாள்.